இலவச கரண்டா, சோலார் பம்பா?

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருத் தமிழர்களில் பாதிப் பேருக்கு ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் துண்டு நிலமாவது இருக்கிறது. போன வருடம் ராயக்கோட்டை அருகே அப்பாவின் இரண்டரை ஏக்கருக்கு சோலார் பம்பு போட்டதிலிருந்து, பால் வாங்கப் போனாலும் இதே கேள்விதான்: ஈபி கரண்ட்தான் இலவசமாயிற்றே, எதற்கு சோலார்?

இலவசம்தான். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயிகள் எல்லோருக்கும் பம்புசெட் மின்சாரத்துக்கு பில் கிடையாது. ஏற்கெனவே இணைப்பு இருப்பவர் சோலாரைத் தேடிப் போகவே வேண்டாம். சிக்கல் புதிதாகக் கேட்பவருக்கு. சாதாரண வரிசையில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பணம் கட்டி சீக்கிரம் இணைப்பு வாங்கும் தட்கலில் 5 குதிரைத்திறனுக்கு எங்களிடம் சொன்னது இரண்டரை லட்சம். மோட்டார் செலவு தனி. சோலார் பம்புக்கு மானியம் தரும் பிஎம் குசும் திட்டத்தில் எங்களுக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 கொடுத்தன, மீதி எங்களுடையது. பேனல், மோட்டார் எல்லாம் சேர்த்து எங்கள் கையிலிருந்து போனது ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். விண்ணப்பம் வேளாண்மைப் பொறியியல் துறையில். சிட்டா, அடங்கல், ஆதார் என்று வழக்கமான காகிதக் கட்டு. டீசல் இன்ஜின் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது பணமில்லை, பழுது. அதுவரை சித்தப்பாவின் ஈபி மோட்டாரில்தான் முறை வைத்துப் பாய்ச்சினோம். மோட்டார் ஓட்டத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி பதினொன்றுக்கு வந்தால் அப்பா டார்ச்சும் தடியுமாகக் கிளம்புவார். வோல்டேஜ் இறங்கும்போது ஓட்டினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்துவிடும். ஒரே கோடையில் இரண்டு தடவை போனது. போர்வெல்லிலிருந்து குழாயைக் கழற்றிக் கழற்றி மேலே தூக்க ஆட்கள், வைண்டிங் கூலி, திரும்ப இறக்க அதே ஆட்கள். அந்த இடைவெளியில் தக்காளிப் பூ மொத்தமும் கொட்டிவிட்டது.

சோலாரில் காலை எட்டரைக்கு மேல் தண்ணீர் எடுக்கும், மதியம் முழு வீச்சு, நாலு மணிக்கு மேல் நூலாக ஒழுகும். வெயிலைப் பார்த்து, பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டியே மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதாலோ என்னவோ, இதுவரை காயில் எரியவில்லை. அப்பாவுக்கு வேலை பேனல் துடைப்பதுதான். மண் ரோட்டில் டிராக்டர் ஓடும் நாட்களில் பேனல் காவி பூசினாற்போல் ஆகிவிடும். வாரம் ஒருமுறை, சூடேறுவதற்கு முன், ஒரு வாளித் தண்ணீரும் பழைய வேட்டியும். துடைத்த அன்று தொட்டி அரைமணி முன்னதாக நிரம்புகிறது என்பது அவர் கணக்கு.

சரி, ஒருமுறை கன்ட்ரோலர் படுத்துவிட்டது. போட்டுக் கொடுத்தவர்களே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்பது விதி. 'நாளைக்கு சார், நாளைக்கு' என்றே ஒன்பது நாள் ஓட்டினார்கள். ஊரில் காயில் கட்ட மூன்று பேர் இருக்கிறார்கள். கன்ட்ரோலரைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நானோ பெங்களூரிலிருந்து ஞாயிறு மட்டும்தான் போக முடியும். அந்த ஒன்பது நாளும் பயிரைக் காப்பாற்றியது சித்தப்பா மோட்டார்தான்.

எங்களுக்கு ஒரு கோடை, ஒரு மழைக்காலம்தான் அனுபவம். ஐப்பசி மூட்டத்தில் நாலைந்து நாள் தண்ணீர் சரியாக ஏறவில்லை. நிலத்தில் ஈரம் இருந்ததால் தெரியவில்லை. எங்களுடையது சொட்டுநீரில் தக்காளியும் சாமந்தியும். நெல், கரும்பு போடுகிறவருக்கு நான் சொல்வது பொருந்துமா என்பது சந்தேகம். ஐந்து வருடத்துக்கு அப்புறம் கன்ட்ரோலர் போனால் செலவு நம்முடையது. அதற்காகப் பூ விற்ற பணத்தில் மாதம் ஐநூறு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா எடுத்து வைக்கிறார். சித்தப்பாவோடு முறைத் தண்ணீர்ப் பேச்சையும் முறித்துக்கொள்ளவில்லை.