புற ஊதாவா, அகச்சிவப்பா?

காரைக்குடியில் கரண்ட் போன இரவு. வளவில் அப்பத்தா டார்ச்சை உள்ளங்கையால் பொத்த, விரலெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. நீலத்தை ரத்தம் விழுங்கிவிடும், சிவப்பு தப்பித்து வரும். உடலுக்குள் போய், வெளியிலிருந்து வரும் ஒளி பட்டால் மருந்தை விடுவிக்கும் பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற நீள்சங்கிலிப் பொருள்) நானோ துகள்களுக்கும் இதே பிரச்சினைதான்.

365 நானோமீட்டர் புற ஊதா ஒளி, துகளிலுள்ள நைட்ரோபென்சைல் என்ற, ஒளியில் உடையும் வேதிப் பிணைப்பை நேரடியாக அறுத்து மருந்தை விடுவித்துவிடும். சுத்தமான வேலை. ஆனால் தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட உருப்படியாக இறங்காது, டிஎன்ஏவையும் கெடுக்கும்.

700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு சில மில்லிமீட்டராவது இறங்கும். பிணைப்பை அறுக்கும் தெம்புதான் கிடையாது. சரி என்று துகளுக்குள் தங்க நானோ கம்பியை வைத்து, அது அந்த ஒளியில் சூடாகிப் பாலிமரை இளக்கி மருந்தை விடும்படி செய்கிறார்கள். சூடு மிஞ்சினால் பக்கத்துத் திசு வெந்துவிடும், அது வேறு தலைவலி. இருந்தாலும் உள்ளே இருக்கும் கட்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான்.