தடமா, திடலா, வெறும் பலகையா?

பயிற்சியாளர் இல்லாமல் யார் வேண்டுமானாலும் வந்து செய்யக்கூடிய உடற்பயிற்சித் தடம் ஒன்றைப் பொது இடத்தில் அமைப்பது என்று முடிவானதும், பேச்சு மூன்றாகப் பிரியும். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒன்றாக நிலையங்களை நடைபாதை நெடுகப் பரப்பலாம் என்பார் ஒருவர். எல்லாவற்றையும் ஒரே திடலில் குவிக்கலாம் என்பார் இன்னொருவர். எதையும் வாங்க வேண்டாம், இருக்கிற பெஞ்சுக்கும் படிக்கட்டுக்கும் பக்கத்தில் பயிற்சியை விளக்கும் பலகை நட்டால் போதும் என்பது மூன்றாமவரின் கட்சி.

பரப்பும் முறை புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1968இல் திறக்கப்பட்ட 'வீட்டா பார்கூர்' காட்டுத் தடம் இந்த வகைதான். ஓடு, பலகையைப் பார், பயிற்சியைச் செய், மறுபடி ஓடு. இதில் எனக்குப் பிடித்தது இடைவெளி. கையை வேலை வாங்கிய நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 100, 150 மீட்டர் இருந்தால் கை ஓய்வெடுக்கும், இதயம் ஓய்வெடுக்காது. "இப்போது இளைப்பாறுங்கள்" என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அந்த வேலையைப் பாதையே செய்துவிடுகிறது. ஆனால் பாதை வட்டமாக முடிய வேண்டும். கடைசி நிலையத்திலிருந்து வெறுமனே திரும்பி நடக்கவேண்டியிருந்தால் பாதியிலேயே ஆட்கள் கழன்றுகொள்வார்கள்.

திடலுக்கு ஒரு விளக்கும் ஒரே தரைவிரிப்பும் போதும்; பழுது பார்ப்பதும் எளிது. நெடுந்தூரம் நடக்க முடியாத முதியவருக்கு அதுதான் கருணை. தனியாக வருபவருக்குத் துணையும் கிடைக்கும். மாலையில், தொங்கி உடலை மேலே இழுக்கும் கம்பிக்கு வரிசை நிற்பதுதான் தொல்லை. குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டியே இதை வைக்கும் ஆசையும் எல்லோருக்கும் வருகிறது. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை (ஈஎன் 16630) 1.40 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிள்ளைகள் கண்ணில் படும் தொலைவில் இருக்கட்டும், கம்பிக்கு அடியில் வேண்டாம்.

மூன்றாமவர் சொல்வதில் நிறைய உண்மை உண்டு. ஒரு பெஞ்சே மூன்று படித்தரம் தரும்: தண்டாலை அதன் முதுகைப் பிடித்துச் செய்தால் எளிது, இருக்கையில் கை ஊன்றினால் நடுத்தரம், காலை இருக்கையில் வைத்துக் கையைத் தரையில் ஊன்றினால் கடினம். ஏறி இறங்கலாம், உட்கார்ந்து எழலாம். இழுக்க மட்டும் எதுவும் இல்லை. முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்துக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வலுப்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். தள்ளுவதை மட்டும் செய்தால் முதுகு விட்டுப்போகும்.

ஆகவே கம்பி வாங்கத்தான் வேண்டும். ஆனால் தலைக்கு மேல் நிற்கும் ஒன்றை மட்டும் நட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலானோர் அதில் ஒருமுறை தொங்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இடுப்பு உயரத்தில் இன்னொன்று இருந்தால், அதன் அடியில் சாய்ந்து குதிகாலை ஊன்றி மார்பைக் கம்பிக்கு இழுக்கலாம். காலை எவ்வளவு முன்னே நீட்டுகிறோமோ அவ்வளவு கடினம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தாழ்வானதை வாங்குங்கள். ஊஞ்சல்போல் ஆடும் இயந்திரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுழலும் பாகம் தேயும், விரல் மாட்டும், பலவற்றில் சுமையைக் கூட்டவும் வழியில்லை.

பலகையில் கஞ்சத்தனம் கூடாது. இங்கே வாத்தியார் அதுதான். தொடங்கும் நிலை, முடியும் நிலை என இரண்டு படங்கள், மூன்று படித்தரங்களுக்கும் தனித்தனி எண்ணிக்கை, வழக்கமாக நேரும் ஒரு தவறு. க்யூஆர் குறியீட்டைக் கூடுதலாக வைக்கலாம், அதையே நம்பக் கூடாது. வியர்த்த கையோடு வெயிலில் கைபேசித் திரையைப் படிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

என் கையில் விட்டால், மக்கள் ஏற்கெனவே நடக்கும் ஒரு வட்டப் பாதையை எடுத்துக்கொண்டு, இருக்கிற பெஞ்சுகளுக்குப் பலகை நட்டு, கம்பிகள் இரண்டையும் பாதித் தொலைவில் வைப்பேன். வாசலருகே வைத்தால் உடல் சூடேறாமலே தொங்குவார்கள்.