உப்புக்காற்று அரித்த மிக்சரும் பாம்பன் பட்டறையும்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் மைக் செட் தொழில் நடத்திய என் தந்தையார் சென்னையிலிருந்து பழையதாக வாங்கி வந்த, பல மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் 16 சேனல் (ஒலிவழி) சவுண்ட்கிராஃப்ட் 200பி மிக்சர், முளைப்பாரி, சந்தனக்கூடு, தேர்பவனி என்று பல ஆண்டுகள் உழைத்த பின் பதினோர் ஆண்டுகள் பரணில் கிடந்தது. 1973இல் லண்டனில் தொடங்கப்பட்ட சவுண்ட்கிராஃப்ட் நிறுவனத்தின் 1980களைச் சேர்ந்த மிக்சர்களில், ஈயம் உருக்கிக் கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள்தாம் இருக்கின்றன என்பதால் அதை எடைக்குப் போட மனம் வரவில்லை. பாம்பனில் வீட்டு முன்னறையில் நடக்கும் ஒரு சிறு பட்டறையில் அதைச் சீர்செய்து வாங்கினேன்.

நாற்புறமும் கடல் சூழ்ந்த எங்கள் தீவில் மின்கருவிகளுக்கு முதல் பகை உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. உள்ளே பலகைகளை இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் முனைகளில் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. பரணுக்குப் போகும் முன் வேறோர் இடத்தில் காட்டியபோது, எண்ணெய்ப் பசையுள்ள ஸ்பிரேயை, ஒலியை ஏற்றி இறக்கும் சறுக்குப் பிடிகளான ஃபேடர்கள் எல்லாவற்றிலும் அடித்துக் கொடுத்தார்கள். கரகரப்பு ஒரு வாரம் அடங்கியிருந்து, தூசி ஒட்டியதும் முன்னிலும் மோசமாயிற்று.

பாம்பன் பட்டறைக்காரர் முதலில் எதையும் மாற்றவில்லை; அளந்தார். நெடுநாள் ஓடாத கருவிக்கு 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் மின்னைத் தேக்கும் கண்டென்சர்கள் உலர்ந்திருந்தால் வெடிக்கக்கூடும் என்பதால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தே பவர் சப்ளையை எழுப்பினார். ஒலிபெட்டியில் கேட்ட ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ் என்று அலைகாட்டியில் (ஆசிலோஸ்கோப்) காட்டி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதை ஒரே திசைக்குத் திருப்பும் டயோடுகளைக் கடந்தபின் இரட்டிப்பாகும் அலை அது என்றும், அதை வடிகட்ட வேண்டிய கண்டென்சர்கள் வலுவிழந்துவிட்டன என்றும் எனக்குப் புரியும்படி விளக்கினார். 85 டிகிரி தாங்கும் பழையவற்றுக்குப் பதில் 105 டிகிரி தாங்குபவற்றைப் போட்டார். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இவ்வகைக் கண்டென்சரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், எங்கள் ஊர் வெயிலுக்கு இது சரியான தேர்வு. சேனல்களில் இருந்த இதே வகை (மின்பகுளிக்) கண்டென்சர்களும் மாறின. ஐசி சில்லுகளையும் மாற்றிவிடலாமா என்று நான் கேட்டதற்கு, "அது நல்லா இருக்குண்ணே, எதுக்குக் கழட்டணும்?" என்று மறுத்தார். தேவையற்ற வேலைக்குப் பணம் வாங்க மனமில்லாத அந்த ஒரு பதிலுக்காகவே இவரைப் பரிந்துரைப்பேன்.

ஃபேடர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி உலர்த்தி, உரிய கிரீஸை மெல்லப் பூசினார். உள்ளே கரித்தடம் தேய்ந்துபோன மூன்றுக்கு மட்டும் வேறு ஃபேடர்கள் போட்டார்.

கூலியும் பாகங்களும் சேர்த்து 14,500 ரூபாய் ஆனது. வீட்டுக்கு வந்ததும் தந்தையார் 16 ஃபேடர்களையும் முழுக்க ஏற்றி ஒலிபெட்டியில் காதை வைத்துக் கேட்டார். மெல்லிய சீறல் தவிர வேறு ஒலி இல்லை. மனிதக் குரலில் அந்தப் பழைய கனம் திரும்பியிருக்கிறது.

குறையும் உண்டு. மூன்று வாரம் என்று சொல்லி ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டார். இடையில் நாமே போய்க் கேட்டால்தான் நிலவரம் தெரியும். மாற்றிய பாகங்களின் பட்டியலை எழுதித் தரவில்லை. பின்னாளில் வேறொருவர் திறந்து பார்க்கும்போது அது மிகவும் தேவைப்படும். பதினோராம் சேனலின் ட்ரெபிள் திருகு இன்னும் லேசாகக் கரகரக்கிறது. அதைச் சரிசெய்ய அடுத்த மாதம் பாம்பனுக்கு எடுத்துப் போகும்போது, பட்டியலையும் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொண்டே திரும்புவேன்.