தி.நகர் பழைய வீடுகள் நடைப்பயணம் - கண்டிப்பா போங்க

ஞாயித்துக்கிழமை காலைல போனேன், ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. இப்ப துணிக்கடையும் நகைக்கடையுமா நெரியுற இடம் ஒரு காலத்துல பெரிய ஏரியாம், 1920கள்ல தண்ணிய வடிச்சுட்டு பனகல் பார்க்க நடுவுல வச்சு தெருவெல்லாம் பிளான் போட்டு ஊருக்கு வெளிய புறநகரா கட்டினாங்க, பேரு நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் நினைவா வந்தது. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு இன்னும் இருக்கே, அந்த ஏரிதான்!

ஒரு ஆர்ட் டெகோ (1930கள்ல பரவலா இருந்த கட்டட ஸ்டைல்) வீட்டு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டோம். வளைஞ்ச பால்கனி, ஜன்னல் கிரில்ல சூரியன் உதிக்கிற டிசைன், மூலைய சுத்தி ஓடுற சன்ஷேட், அவ்ளோ அழகு. பக்கத்து வீட்ட இடிச்சுட்டு இருந்தாங்க, மனசு கஷ்டமா இருந்துச்சு. கைடு நல்லா பொறுமையா சொன்னாரு. வெயில் ஏறுறதுக்குள்ள ஆரம்பிச்சா இன்னும் நல்லது, தண்ணி பாட்டில் எடுத்துட்டு போங்க.