மீனவர் சங்கப் பேரேட்டைக் கணினிக்கு மாற்றும் மூன்று வழிகள்

தொண்டியிலிருந்து பாம்பன் வரையிலான கரையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் தன் கணக்கைக் கணினிக்கு மாற்றத் தீர்மானித்துவிட்டால், நிர்வாகக் குழுவின் பேச்சு முழுவதும் எந்த மென்பொருளை வாங்குவது என்பதிலேயே கழிந்துவிடுகிறது. பழைய பேரேட்டை எந்த நாளில், எந்த முறையில் மூடுவது என்பதற்குக் கடைசிக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களே கிடைக்கின்றன. 2022ஆம் ஆண்டு ஒன்றிய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்க ஒப்புதல் அளித்தபோது, நாடு முழுவதற்கும் பொதுவான மென்பொருள் என்பதையும் அத்திட்டத்திலேயே சேர்த்திருந்தது. அவ்வாறு மென்பொருள் மேலிருந்தே வந்து சேர்ந்தாலும், பழையதிலிருந்து புதியதற்குக் கடக்கும் வேலை அந்தந்தச் சங்கத்தின் எழுத்தர் தலையில்தான் விழுகிறது. ஆகவே அந்தக் கடக்கும் வழிகளை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் வழி, குறித்த நாளில் பேரேட்டை மூடிவிட்டு, மறுநாள் காலை முதல் கணினியில் மட்டுமே எழுதுவது. இதில் செலவு குறைவு. எழுத்தருக்கு இரட்டை வேலை இல்லை. எது உண்மைக் கணக்கு என்ற குழப்பமும் எழாது. ஆனால் பிழை நேர்ந்தால் ஒதுங்க இடமில்லை. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை இவ்வாறுதான் புதிய கணினி முறைக்கு மாறியது, அழைப்புகள் தேங்கின, நவம்பர் 4 அன்று கணினி முழுவதுமாக நின்றுபோக, காகிதத்துக்கே திரும்பினார்கள். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் மாற்றியபோது, ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். நம் ஏலக்கூடத்தின் சுமை அவ்வளவு பெரிதல்ல என்பது உண்மைதான். எனினும் விடியற்காலையில் கரை சேர்ந்த நண்டும் இறாலும் கணினி சரியாகும் வரை காத்திருக்க மாட்டா. எடை போட்டு, ஏலம் விட்டு, கடன் பிடித்தம் போக மீதியைக் கையில் கொடுத்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, படிப்படியாக மாற்றுவது: முதலில் உறுப்பினர் பதிவேடு, பிறகு கடன், பிறகு டீசலும் வலையும் விற்கும் கணக்கு, இறுதியில் ஏலம். பெரிய அலுவலகங்களுக்கு இது மிகவும் பொருந்தும். சிறிய சங்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. உறுப்பினர் வாங்கிய கடன் அவருடைய ஏலத் தொகையிலிருந்தே பிடிக்கப்படுவதால், கடன் கணினியிலும் ஏலம் காகிதத்திலும் இருக்கும் காலம் முழுவதும், ஒவ்வொரு மாலையும் ஒருவர் பிடித்தத் தொகைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்து எழுத வேண்டும். பிழைகள் பெரும்பாலும் அந்தக் கைமாற்றத்தில்தான் நுழைகின்றன. பணம் எங்கே ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறதோ அங்கே கணக்கைப் பிரிக்கக் கூடாது. உறுப்பினர் பதிவேட்டை முன்கூட்டியே மாற்றலாம், கடனையும் ஏலத்தையும் ஒரே நாளில்தான் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது, சில காலம் பேரேட்டையும் கணினியையும் சேர்த்தே நடத்தி, நாள்தோறும் இரண்டையும் ஒத்துப்பார்ப்பது. கேட்பதற்கு இதுவே மிகப் பாதுகாப்பானதாகத் தோன்றும்; தணிக்கையாளர்களும் பெரும்பாலும் இதையே விரும்புவார்கள். ஆனால் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு சங்கத்தில் ஆறு மாதம் இவ்வாறு நடத்தியும் பயன் விளையவில்லை. ஏல நெரிசலில் எழுத்தர் பேரேட்டை மட்டும் எழுதினார். கணினிப் பதிவு மறுநாள் பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. சில வாரங்களில், பேரேட்டின் மொத்தத் தொகையைப் பார்த்து அதற்கு ஏற்றபடி கணினியில் நிரப்பும் பழக்கம் வந்துவிட்டது. அதன்பின் இரண்டு கணக்கும் தினமும் ஒத்துப்போயின. ஒத்துப்போனதால் எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். சோதனை என்பதே அங்கு நடக்கவில்லை என்பது பேரேட்டை நிறுத்திய பிறகே தெரிந்தது. அந்த எழுத்தரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்குரிய சம்பளத்தில் இருவர் வேலையை ஆறு மாதம் கேட்டால் யாராக இருந்தாலும் குறுக்கு வழியைத் தேடத்தான் செய்வார். இரண்டையும் சேர்த்து நடத்தும் காலம் குறுகியதாக இருக்க வேண்டும். இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் எழுத வேண்டும். முரண்பாடு வந்தால் எது செல்லும் என்று முன்பே தீர்மானத்தில் பதிந்திருக்க வேண்டும்.

எனவே எவ்வளவு காலம், எந்தக் காலம் என்பதுதான் முடிவான கேள்வி. இங்கே பலரும் மீன்பிடித் தடைக்காலத்தைச் சுட்டுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, அலுவலகம் ஓய்ந்திருக்கிறது, அப்போதே மாற்றிவிடலாம் என்பது அவர்கள் வாதம். அந்த ஓய்வே ஏமாற்றிவிடும் என்று அஞ்சுகிறேன். நாட்டுப்படகுகளின் வரவை மட்டும் கண்ட கணினி, எல்லா விசைப்படகுகளும் ஒருசேரக் கரை திரும்பும் முதல் நாளில்தான் முழுச் சுமையைச் சந்திக்கும். அந்த நாளில் தடுமாறினால், இரண்டு மாத வருமானமின்றி இருந்த குடும்பங்களின் முதல் பணம் தாமதமாகும்.

இதைவிட ஏப்ரல் 1 நல்ல தொடக்கம். நிதியாண்டு அன்றுதான் பிறக்கிறது. மார்ச் 31ஆம் தேதியின் இறுதி இருப்புகள் அனைத்தும் உடனே தயாராகா என்பது உண்மை. ஆனால் பிடித்தத்துக்குத் தேவையான கடன் பாக்கி மட்டும் அன்று கையில் இருந்தால் போதும், மற்றவற்றைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். தடைக்காலம் தொடங்க இடையில் 14 நாட்கள் இருக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற பாக் நீரிணைக் கரை வழக்கப்படி பார்த்தால், ஏறத்தாழ ஆறு விசைப்படகு நாட்கள் முழுச் சுமையோடு கிடைக்கும். அந்த ஆறு நாட்களும் இரண்டு கணக்கையும் இரண்டு பேர் எழுதட்டும். தற்காலிகமாக ஒருவரை அமர்த்தும் கூலியைச் சங்கம் தயங்காமல் கொடுக்கட்டும். வெளிப்பட்ட பிழைகளைத் திருத்தத் தடைக்காலத்தின் 61 நாட்கள் இருக்கின்றன.

திருத்த வேண்டியவற்றுள் பெயர்கள்தான் அதிக உழைப்பைக் கேட்கும். ஒரே ஊரில் ஒரே தலைப்பெழுத்தோடு நான்கு முனியசாமிகளும் மூன்று அந்தோணிகளும் இருப்பார்கள். பழைய எழுத்தர் அவர்களைப் பட்டப்பெயராலும் படகின் பெயராலும் தெரிந்து வைத்திருக்கிறார். பேரேட்டின் ஓரத்தில் அது பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். மென்பொருளில் அதற்கு இடமே இருக்காது. அந்த இடத்தைக் கேட்டுப் பெறுங்கள், உறுப்பினர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மீன் பெயர்களிலும் இதே தொல்லை உண்டு: சென்னை வியாபாரி வஞ்சிரம் என்பதைத் தென்பகுதியில் நெய்மீன் என்பார்கள், இரண்டும் இரு பொருளாகப் பதிவானால் ஆண்டறிக்கையே பிழையாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல் இருந்தால், அதை யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

கணினியை அலுவலகத்திலேயே வைப்பதா, இணையத்தில் இயங்கும் சேவையை எடுப்பதா என்பதில் எனக்கு அதிகத் தயக்கமில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்கவென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கும் கரை இது; இந்த உப்புக்காற்றில் சொந்த சர்வரை நம்பக் கூடாது. தரவு வெளியே இருக்கட்டும். இணையம் அறுந்தாலும் பதிவு செய்யவும், மீண்டதும் தானே அனுப்பவும் இயலுமா என்று வாங்கும் முன்பே இணைப்பைத் துண்டித்துச் சோதித்துப் பாருங்கள்.

ஜூன் 15 முதல் கணினி மட்டும் போதும். பேரேட்டைத் தொடர வேண்டியதில்லை. ஆனால் எடை மேடையில் கார்பன் தாள் வைத்து எழுதும் துண்டுச்சீட்டை மட்டும் அந்த மாத இறுதிவரை நிறுத்தாதீர்கள். கணினி நின்றுபோனாலும் அந்தச் சீட்டைக் காட்டி மீனவர் தன் பணத்தைக் கேட்க முடியும்.