ஜோசப் ஜீ மெடல் செட் (காப்பி): ரிப்பன் சூப்பர், பட்டை தப்பு

பழைய ராணுவ மெடல்களை காப்பி பண்ணி விக்கிற ஒரு ஆன்லைன் கடையில வாங்குனது, கடை பேரு வேணாம். பிரிட்டிஷ் ராணுவத்துல 78-வது ஹைலேண்டர்ஸ் ரெஜிமெண்ட்டோட சர்ஜன் ஜோசப் ஜீ, 1857 சிப்பாய்க் கலகத்துல நடந்த லக்னோ சண்டைக்காக விக்டோரியா கிராஸ் (பிரிட்டனோட மிக உயர்ந்த வீர விருது) வாங்குனவரு, அவரோட செட்டு. எல்லாத்தையும் ஒரே பின்னுல வரிசையா மாட்டி அனுப்பிருந்தாங்க.

முதல்ல ரிப்பன், அதுல குறையே சொல்ல முடியாது. கிராஸுக்கு அடர் செவப்பு (அப்பல்லாம் ஆர்மிக்கு செவப்பு, நேவிக்கு நீலம், 1918-லதான் எல்லாருக்கும் ஒண்ணாக்குனாங்க), பெர்ஷியா (ஈரான்) போர் மெடலுக்கு செவப்புல ரெண்டு நீலக்கோடு, 1857 மெடலுக்கு வெள்ளையில ரெண்டு செவப்புக்கோடு, எல்லாம் கரெக்ட். அந்த 1857 மெடலோட பின்பக்கம் பிரிட்டானியாவும் பக்கத்துல சிங்கமும் நல்லா தெளிவா விழுந்திருக்கு.

சொதப்புனது அந்த 1857 மெடல் மேல, எந்தச் சண்டைன்னு பேர் போட்டு மாட்டுற பட்டையில. 'ரிலீஃப் ஆஃப் லக்னோ'ன்னு போட்டு அனுப்பிட்டாங்க, வரவேண்டியது 'டிஃபென்ஸ் ஆஃப் லக்னோ'. ஏன் மாத்திட்டாங்கன்னு புரியுது, ஜீ வந்ததே ரெசிடென்சிக்குள்ள (லக்னோவுல பிரிட்டிஷ் அதிகாரி இருந்த வளாகம்) மாட்டிக்கிட்டவங்களை மீட்க ஜெனரல் ஹேவ்லாக் கூட்டிட்டு வந்த படையில, 1857 செப்டம்பர் 25-ம் தேதி. ஆனா உள்ள போன அந்தப் படையே வெளிய வர முடியாம முற்றுகையில சிக்கிடுச்சு, அதனால அவங்களையும் காத்து நின்னவங்க கணக்குலதான் சேர்த்தாங்க. 'ரிலீஃப்' பட்டை நவம்பர்ல இன்னொரு மீட்புப் படையோட வந்த தளபதி கேம்பெல் கூட வந்தவங்களுக்கு. மெடல் விக்கிறதே தொழில்னு இருக்கிறவங்களுக்கு இது கூடத் தெரியலன்னா எப்படி?

கிராஸோட பின்பக்கம் மொட்டையா இருக்கு, ஒரிஜினல்ல நடு வட்டத்துல வீரச்செயல் நடந்த தேதி இருக்கும், மேல தொங்குற பாரோட பின்னாடி பேரும் ரெஜிமெண்ட்டும் இருக்கும். இந்த விலைக்கு அதையும் போட்டிருக்கலாம்.

கூட ஒரு நோட்டீஸ் வெச்சிருக்காங்க. லக்னோவுல சார்பாக்ங்கிற இடத்துல 78-வது படை பயோனெட்டோட பாஞ்சு ரெண்டு பீரங்கியைப் புடிச்சப்போ அடிபட்டவங்களை ஜீ கட்டில்லயும் கூட இருந்த சிப்பாய்ங்க முதுகுலயும் ஏத்தி அனுப்புனது, அப்புறம் மோத்தி மஹால் அரண்மனையில எதிரிங்க ராத்திரி பூரா சுத்தி வளைச்சுக்கிட்டப்போ 24 பவுண்டர் (24 பவுண்டு எடை குண்டு போடுற) பீரங்கிகிட்ட குண்டடி பட்டு விழுந்தவங்களுக்கு திரும்பத் திரும்பப் போய் கட்டுப் போட்டது, வேணாம்னு எல்லாரும் தடுத்தும் ஆத்தங்கரை வழியா அவங்களை ரெசிடென்சிக்கு கொண்டு போனது, எல்லாம் நல்லாவே எழுதிருக்காங்க. டோலி தூக்குறவங்க ஓடிப்போனதை மட்டும் என்னமோ பெரிய குத்தம் மாதிரி அழுத்திச் சொல்லிருக்காங்க, கையில ஒரு கம்பு கூட இல்லாதவன் அந்த குண்டு மழையில நின்னு என்னத்தப் பண்ணுவான்?

அதே நோட்டீஸ்ல இவரைக் 'கம்பெனி டாக்டர்'னு வேற போட்டிருக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி சர்வீஸ் டாக்டருங்க தனி, இவரு ராணியோட படையில ரெஜிமெண்ட் சர்ஜன். அதே ரெஜிமெண்ட்ல அசிஸ்டன்ட் சர்ஜனா இருந்த மெக்மாஸ்டரும் அதே லக்னோ சண்டைக்கு கிராஸ் வாங்குனாரு, அவருக்கு 1858-லயே அறிவிச்சுட்டாங்க, இவருக்கு 1860 நவம்பர் ஆயிடுச்சு. அதைப் பத்தி நோட்டீஸ்ல ஒரு வரி இல்ல.

மெயில் போட்டேன், பட்டையை மாத்தித் தரோம், தபால் செலவு உங்களோடதுன்னு பதில் வந்துச்சு. தப்பு அவங்களோடது, காசு என்னோடதாம். அதனால மூணு ஸ்டார்தான், வாங்குறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடியே எந்தப் பட்டை வருதுன்னு போட்டோ கேட்டு வாங்கிக்கோங்க.