பனிச்சரிவுத் தேடல் பயிற்சி: பீக்கன் பார்க்கா, புதைத்த பையா?

பனியில் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அப்புறம் வாய்ப்பு மளமளவெனச் சரியும். அதனால் சிக்னல் அனுப்பவும் தேடவும் உதவும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஸீவரை (பீக்கன்) உடம்பில் கட்டிக்கொண்டால் மட்டும் போதாது, கை பழக வேண்டும்.

பீக்கன் பார்க் எனும் பயிற்சித் திடலில் டிரான்ஸ்மிட்டர்கள் ஏற்கெனவே புதைந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒன்றோ பலவோ சிக்னல் அனுப்பும். ஒரே மதியத்தில் பல முறை தேடலாம். பலர் புதைந்த நிலைமையைப் பழக இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பனியில் குத்தித் தேடும் ப்ரோப் கம்பி பட்டதோடு பயிற்சி முடிந்துவிடும், தோண்டும் வேலையே கிடையாது.

மீட்பில் அதிக நேரத்தை விழுங்குவதே அந்தத் தோண்டல்தான்! அதனால் என் ஓட்டு புதைத்த பை என்ற இரண்டாவது வழிக்கு. ஆபத்தில்லாத இடத்தில், நண்பர் ஒருவர் சிக்னல் அனுப்பும் கருவியைக் கெட்டியான டப்பாவில் வைத்து, பையில் போட்டு, நீங்கள் பார்க்காதபோது ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்கட்டும். தேடும் நிலையில் உள்ள உங்கள் கருவியைப் பனியோடு ஒட்டித் தாழ்த்தி, திருப்பாமல் நகர்த்தி, மிகக் குறைந்த தூர எண் காட்டும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் ப்ரோப் கம்பியால் சுருளாகக் குத்துங்கள். கம்பி தட்டுப்பட்டதும் அதை அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டுங்கள். முடிந்ததும் எல்லாக் கருவிகளையும் மறுபடி அனுப்பும் நிலைக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.